அண்ணன் படிக்கும் பள்ளி

கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் தப்பாக இருந்தது.

ஏப்ரல் பதினாறு. நாலு வயதுப் பிள்ளையைப் பெற்றவர்கள் அத்தனை பேரும் விடியுமுன்பே எழுந்து கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் நாள். பெட்ரா ஹார்ட்லியும் சமையலறை மேசையில், ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்கு மின்னஞ்சலில் கடிதம் வந்தது. மேபல் ஹார்ட்லிக்கு கர்லூ லேன் தொடக்கப் பள்ளியில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றது முதல் வரி. அவள் அழுதேவிட்டாள். இரவு உடுப்பின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.

‘காரணம்: உடன்பிறந்தவர் இதே பள்ளியில் படிக்கிறார். எட்வின் ஹார்ட்லி, ஐந்தாம் வகுப்பு, 14, மில் ரோ.’

பதினாலாம் எண், மில் ரோ. இந்த வீடுதான். ஆனால் மேபல் ஒற்றைப் பிள்ளை. அண்ணன், அக்கா, தம்பி, யாரும் கிடையாது.

பெட்ரா லீட்ஸிலிருந்த கணவனைக் கூப்பிட்டாள். ஓவன் வாரம் முழுக்க அங்கே ரயில் பணிமனையில் வேலை பார்த்து, வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை போகிறவன்.

“கிடைச்சிருச்சா? அவ்வளவுதான், பெட்ரா! முடிஞ்சுது!”

“முழுசாக் கேளு ஓவன். அவளுக்கு அண்ணன் இருக்கான்னு போட்டிருக்கு.”

“யாரு அண்ணன்?”

“அதான் எனக்கும் தெரியல. எனக்குத் தெரியாம உனக்கு எங்கயாவது இருக்கானா?”

“காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா?” ஓவன் சிரித்தான். பிறகு குரலைத் தணித்தான். “வேற ஏதோ ஹார்ட்லி. கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒண்ணாச் சேத்திருக்கும். தானா வந்து விழுந்த சோத்துத் தட்ட யாராவது தள்ளிவிடுவாங்களா? வாயைத் தொறக்காத.”

அவன் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. அந்தப் பள்ளிக்காகத்தான் அவர்கள் லீட்ஸின் ஆறாவது மாடியைக் காலிசெய்துவிட்டு, ஜனவரிக் குளிரில் கில்பெக்குக்குக் குடிவந்தார்கள். பள்ளியில் முப்பது இடம். அண்ணன் அக்கா ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு முதலில். மிச்சம் இருப்பது, வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாயிலுக்கு நேர்க்கோட்டில் யார் கிட்டே இருக்கிறார்களோ அவர்களுக்கு. போன வருடம் கடைசியாக நுழைந்த பிள்ளையின் வீடு நானூற்றுப் பத்து மீட்டர். வாசலில் காய்ந்துகொண்டிருக்கும் துணியைப் பார்த்து, அங்கே எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிக்கொண்டு, வரைபடமும் கையுமாக ஒரு மாதம் தெருத்தெருவாக அலைந்தார்கள். வட்டத்துக்குள் காலியாக இருந்த வீடுகள் கைக்கு எட்டவில்லை. மில் ரோவில் கடைசி வீடு மட்டும் எட்டியது. நானூற்று முப்பத்தாறு மீட்டர். இருபத்தாறு மீட்டர் வெளியே.

“கவலையே படாதீங்க” என்றிருந்தான் வீட்டுத் தரகன். “இந்த வீட்டுக்கு வந்தவங்களுக்கு இதுவரைக்கும் இடம் கிடைக்காமப் போனதில்ல.”

அப்போது அது விற்கிறவன் பேச்சு என்று நினைத்தாள்.

இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை. பள்ளிக்குப் பேசினாள். அலுவலகத்தில் மிஸஸ் பிண்டர் எடுத்தாள், முப்பது வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறவள்.

“கர்லூ லேன்... யாரு, ஹார்ட்லியா? அடடே, எட்வினோட அம்மாவா! ஒருவழியா உங்க குரலக் கேட்டாச்சு கண்ணு. உங்க வீட்ல ஃபோனே எடுக்க மாட்டாங்களே.”

பெட்ரா மூச்சை இழுத்தாள். ‘இல்லை, நான் அவன் அம்மா இல்லை’ என்பதுதான் அவள் சொல்ல வந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ஹலோ? எட்வின் அம்மாதானே?”

ஜன்னலுக்கு வெளியே சின்னத் தோட்டத்தில் மேபல் மஞ்சள் மழைக்கோட்டோடு தேங்கிய நீரில் குதித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பள்ளி இல்லையென்றால் நாலு மைல் தள்ளி, போலீஸ் வண்டி வாரம் ஒருமுறை வந்து நிற்கும் அந்த இன்னொரு பள்ளி.

“ஆமாம்” என்றாள் பெட்ரா.

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். அந்தப் பக்கம், மிஸஸ் பிண்டர் தாளில் எதையோ குறிக்கும் பேனாவின் கீறல் கேட்டது. அதற்கும் பின்னால், அலுவலக அறையின் ஏதோ மூலையில், ஒரு பிள்ளை நெடுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை விடுவதுபோல ஒரு சத்தம்.

மறுநாள் எதிர்வீட்டு லோர்னா வந்தாள். குடிவந்த அன்றே ஒரு தட்டு இஞ்சிக் கேக்கோடு வந்து பழகிய ஒரே ஆள் அவள்தான். அவள் மகன் ஃபின்னுக்கும் மேபலுக்கும் பிறந்தநாள் ஒரே மாதம்.

“என் பையனுக்கு இல்லையாம் பெட்ரா.” கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். “நம்பர் முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணு! கடைசி நிமிஷத்துல எவளோ அண்ணன் இருக்கான்னு உள்ள வந்துட்டாளாம். அந்தப் புண்ணியவதி மட்டும் கையில கெடச்சா...”

“தேநீர் போடறேன்” என்றாள் பெட்ரா.

“உனக்கு எப்படிக் கெடச்சுது? நீ என்னவிடத் தள்ளித்தானே இருக்கே?”

“யாரோ விலகிட்டாங்க போல.”

லோர்னா அவளைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. அதுதான் தாங்க முடியவில்லை.

“இந்த வீட்டுக்கு எப்பவும் கெடைச்சிரும்” என்றாள் லோர்னா மெல்ல. “முன்ன இருந்தவளும் இப்படித்தான், யாரோ விலகிட்டாங்கன்னா. அவளுக்கும் ஒரே பொண்ணு. கிறிஸ்துமஸுக்கு மரங்கூட வெச்சிருந்தாங்க. மரத்த அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க.” கோப்பையைத் தொடாமலே எழுந்துகொண்டாள்.

செப்டம்பர் வந்தது. பள்ளி நல்ல பள்ளிதான். சுண்ணாம்புக்கல் கட்டடம், மெழுகு போட்ட தரை, காலை முழுக்கப் பாட்டு. நடைவழியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கோட்டு மாட்ட ஒரு கொக்கி, மேலே பெயரும் படமும். மேபலுக்கு முள்ளம்பன்றி.

அவளுடைய ஆசிரியை மிஸ் அக்ராய்ட் சின்னப் பெண், எதற்கும் கைதட்டுகிறவள். “மேபல் இங்க ஒருநாள்கூட அழவே இல்ல தெரியுமா! அண்ணன் இருந்தாலே தனி தைரியம்தான்.”

பெட்ரா சிரித்துவைத்தாள்.

சாயங்காலம் மூன்றேகாலுக்குச் சின்ன வகுப்பின் கதவு திறக்கும். ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையாக, வந்த ஆளைக் கண்ணால் கண்டபிறகு, கையில் ஒப்படைப்பாள். முற்றத்தின் மறுகோடியில் இருக்கும் ஆறாம் வகுப்புக் கதவு அதற்கு ஐந்து நிமிடம் கழித்துத்தான் திறக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் பெட்ரா போய்விடுவாள். மேபலின் பொத்தானைக்கூடப் போடாமல், மற்றத் தாய்மார்களிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பாள். அந்தக் கதவை அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் தாழ் விலகும் சத்தம் மட்டும் கேட்கும். பெரிய பிள்ளைகளின் கூச்சல் முற்றத்தில் சிதறும். அப்புறம் பள்ளிச் சந்தில், ஈரத் தரையில், தங்களுக்குப் பின்னால் ஒரு ஜோடிக் காலடி.

பள்ளி முனையில், கம்பும் வட்டப் பலகையுமாக நின்று பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் டெரிக் கிழவர் தினமும் மேபலைச் சீண்டுவார்.

“வாத்துக்குட்டி வருது, வாத்துக்குட்டி வருது! எல்லா வண்டியும் நில்லு!” பிறகு பெட்ராவைப் பார்ப்பார். “இன்னிக்கும் ஒண்ணுதானா? பெரியவன் பின்னாடி வர்றானே, சேர்த்தே கடத்திடலாம்னு பார்த்தேன்.”

“நேரமாச்சு டெரிக்.”

“எப்பவும் உங்களுக்கு நேரமாச்சு.”

அக்டோபர் மழை பிடித்துக்கொண்டது. மில் ரோவின் சுவர்களில் ஈரம் ஏறியது. பழைய வீடு என்றால் ஈர வாடை இருக்கத்தான் செய்யும் என்றான் ஓவன், ஜன்னலைத் திறந்துவிட்டான், ஹீட்டரைக் கூட்டிவைத்தான், ஞாயிறு மாலை போய்விட்டான். ஆனால் அந்த வாடை சுவரிலிருந்து வரவில்லை என்பது பெட்ராவுக்குத் தெரிந்தது. அது மாடிப்படியின் கீழே, கோட்டு மாட்டும் மூலையில் இருந்தது. நனைந்த கம்பளியும், ஆற்றங்கரைச் சேறும், மாதக்கணக்காகத் திறக்காத சாப்பாட்டு டப்பாவின் புளிப்பும் கலந்த வாடை. மூன்றரை மணிக்குமேல்தான் வரும். அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, ஐந்து நிமிடம் ஆனதும், யாரோ பின்னாலேயே நடந்து வந்து, கதவு திறப்பதற்காகக் காத்திருக்காமல் உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி மாட்டியதுபோல, மெதுவாகக் கூடத்தில் பரவும். தொலைக்காட்சியின் சத்தத்துக்கு அடியில் மூன்றாவது படி ஒருமுறை முனகும். ஏழாவது படி. பிறகு மேலே, மேபலின் அறைப் பலகைகள்.

பள்ளியிலிருந்து சீட்டுகள் வரத் தொடங்கின. ‘எட்வின் விளையாட்டு உடுப்பு கொண்டுவரவில்லை.’ ‘எட்வின் மறுபடியும் கோட்டு இல்லாமல் வந்திருக்கிறான்.’ ஒருநாள் மேபலின் பைக்குள் ஒரு பெரிய பையனின் பள்ளிக் கம்பளிச்சட்டை, பிழிந்த ஈரத்தோடு, சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கழுத்தோரத்தில் பெயர்ப்பட்டை தைத்திருந்தது. சிவப்பு நூலில் சற்றுச் சாய்ந்த எழுத்து. பெட்ரா மேபலின் சட்டையை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தாள். அதே நூல். அதே சாய்வு. அதே கை.

அவள் கை.

அதைப் பையில் கட்டி வெளியே குப்பைத்தொட்டியில் போட்டாள். மறுநாள் மாலை அது கூடத்து ஹீட்டரின்மேல் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.

“நீயா போட்டே?” என்றாள் மேபலிடம்.

மேபல் தட்டில் அவரையையும் மீன்துண்டையும் பிரித்துவைத்துக்கொண்டிருந்தாள், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். “அவனுக்குக் குளிருதும்மா.”

“யாருக்கு?”

“உனக்குத் தெரியும்.”

“மேபல், விளையாட்டு போதும்.”

“நான் விளையாடல. நீதான் விளையாடறே.” குழந்தை தலையைத் தூக்கினாள். “அவன் சொன்னான், நீ பாக்காத மாதிரி விளையாடறேன்னு. ரொம்ப நாளா விளையாடறியாம். அவனுக்கு அலுத்துப்போச்சாம்.”

அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள் பெட்ரா. விரல்கள் பனிக்கட்டி. தலைமுடி ஈரமாக இருந்தது. அன்றைக்கு மழையே இல்லை.

ஓவனிடம் தொலைபேசியில் அழுதாள்.

“ஸ்கூல்ல உண்மையச் சொல்லிடறேன் ஓவன். இடம் போனாப் போகட்டும்.”

“உனக்குப் பைத்தியமா? வருஷ நடுவுல எங்க கொண்டு போய்ச் சேர்ப்பே? பொய் சொன்னோம்னு ஊர் பூராத் தெரிஞ்சா, எதிர்வீட்டுக்காரி மூஞ்சில எப்படி முழிப்பே? பசங்க கதை கட்டுவாங்க. நீயும் சேர்ந்து கட்டாத.”

நவம்பர் கடைசி நாளில் பெற்றோர் சந்திப்பு. சீட்டில் இரண்டு நேரம் குறித்திருந்தது. ஐந்து பத்துக்கு மேபல். ஐந்து இருபதுக்கு எட்வின். மேபலுக்குப் பத்து நிமிடமும் புகழ்ச்சி. பெட்ரா எழுந்து வாசலுக்குத்தான் போனாள். ஆனால் ஆறாம் வகுப்பு ஆசிரியர் திரு. த்வெய்ட் நடைவழியில் நின்றிருந்தார். நெட்டையான, களைத்த மனிதர்.

“தப்பிச்சுப் போயிடுவீங்கன்னு தெரியும்” என்றார் சிரிக்காமல். “உட்காருங்க, மிஸஸ் ஹார்ட்லி. ரெண்டே நிமிஷம்.”

பிள்ளைகளின் குட்டை நாற்காலி. முழங்கால் நெஞ்சில் இடித்தது.

“பாடத்துல குறை சொல்ல ஒண்ணுமில்ல. எல்லாம் அவனுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. எத்தனையோ தடவை படிச்ச மாதிரி.” அவர் ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார். “குடும்பத்த வரையச் சொன்னேன். இது மட்டும் எனக்குப் புரியல.”

பத்துப் பன்னிரண்டு படம். எல்லாவற்றிலும் நீண்ட தெரு, மழைக்கோடுகள், கோட்டு போட்ட ஒரு பெண், அவள் கையில் ஒரு சின்ன மஞ்சள் உருவம். எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணின் முதுகுதான் இருந்தது.

“ஏன்டா அம்மாவுக்கு மூஞ்சியே போட மாட்டேங்கறேன்னு கேட்டேன். பார்த்ததில்ல சார்னான். அம்மா எப்பவும் முன்னால போயிட்டே இருப்பாங்கன்னான்.” த்வெய்ட் கண்ணாடியைக் கழற்றினார். “நான் உங்க வீட்டு விஷயத்துல தலையிடல. ஆனா அந்தப் பையன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கறதுக்காகக் காத்திருக்கான்.”

பெட்ரா படங்களைப் பார்த்தாள். முதல் தாளில் தெருவில் அந்தப் பெண் வெகுதூரத்தில், விரல்நுனி அளவில். அடுத்ததில் இன்னும் கொஞ்சம் கிட்டே. அதற்கடுத்ததில் இன்னும். கடைசித் தாள் முழுக்க ஒரு கோட்டின் முதுகு மட்டும், தையல் தையலாக. ஓரத்தில், அந்த மஞ்சள் உருவத்தின் காலியாக இருந்த இன்னொரு கையைப் பிடிக்க நீளும் ஐந்து விரல்.

அன்று இரவு மேபல் தூக்கத்தில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். “சரி.” “சரி.” “அம்மாவும் வரலாமா?” நீண்ட அமைதி. “சரி.”

பெட்ரா அவள் பக்கத்திலேயே படுத்து, விடியும்வரை அந்தச் சின்னக் கையைப் பிடித்திருந்தாள். விடிந்தபோது மேபலின் மறுகை போர்வைக்கு வெளியே, கட்டிலின் மறுபக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் விரல் பதிந்த வெளிர்த் தடம். ஒரு பக்கம் நாலு. மறுபக்கம் ஒன்று.

போதும் என்று முடிவுசெய்தாள். இடம் போகட்டும். வீடு போகட்டும். குழந்தையை அந்தக் கையிலிருந்து பிடுங்கியாக வேண்டும்.

மூன்று மணிக்கே பள்ளிக்குப் போனாள். டிசம்பர். அதற்குள் விளக்கு போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் மிஸஸ் பிண்டர் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆட்டுக்குட்டிக் காது வெட்டிக்கொண்டிருந்தாள்.

“மிஸஸ் பிண்டர், நான் ஒண்ணு சொல்லணும். எட்வின் என் பையன் இல்ல.”

கத்தரிக்கோல் நின்றது.

“என்ன கண்ணு சொல்றீங்க?”

“எனக்கு மேபல் ஒருத்திதான். ஏப்ரல்ல நான் ஃபோன்ல பொய் சொன்னேன். அவளுக்கு இடம் வேணும்னு சொன்னேன். அத எடுத்துக்கோங்க. லோர்னா பையனுக்குக் குடுங்க.” குரல் ஏறியது. அடக்க முடியவில்லை. “அவன் யாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. எனக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. என் வீட்ல அவனுக்கு இடமில்ல. என் பின்னால வர வேண்டாம்னு சொல்லுங்க!”

மிஸஸ் பிண்டரின் முகம் மெல்ல வெளிறியது. அவள் பெட்ராவைப் பார்க்கவில்லை. பெட்ராவின் தோளுக்குமேல், கதவோரம், அழைக்க ஆள் வராத பிள்ளைகள் உட்காரும் பெஞ்சைப் பார்த்தாள்.

“அத அவன் முன்னாலயேவா சொல்லணும்?” என்றாள்.

பெட்ராவின் பின்கழுத்தில் ஈரக்காற்று பட்டது. சொட்டு. சொட்டு. பெஞ்சு கிரீச்சிட்டது. மெழுகுத் தரையில் காலடிகள். அவசரமில்லாமல். விலகிப் போயின.

திரும்பினாள். பெஞ்சில் யாரும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது.

“எங்க போறான்?”

“தெரியல கண்ணு.” மிஸஸ் பிண்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “இவ்வளவு நாள்ல அவன் அழுது நான் பார்த்ததே இல்ல.”

மூன்றேகால் மணி அடித்தது.

பெட்ரா ஓடினாள். நடைவழி நீளமாக இருந்தது. கொக்கிகள். கோட்டுகள். முள்ளம்பன்றிக் கொக்கி காலி. மஞ்சள் கோட்டு இல்லை.

மிஸ் அக்ராய்ட் வாசலில் நின்று ஒரு பிள்ளைக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

“மேபல் எங்கே?”

“இப்பத்தானே போனா! அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனான்.”

“யாரக் கேட்டு அனுப்பினீங்க?”

“நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே...” அவள் சிரிப்பு அணைந்தது. “ஆறாம் வகுப்புல இருக்கற அண்ணனோட அனுப்பலாம்னு. ஃபைல்ல இருக்கே.”

ஜூலையில் பள்ளியிலிருந்து வந்த பன்னிரண்டு தாள் படிவம். ஒவ்வாமை, நிழற்படம், பல் பரிசோதனை. எதற்கு ‘இல்லை’ போட்டாலும் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று பயந்து, எல்லாவற்றுக்கும் ‘சம்மதம்’ போட்டுக் கையெழுத்திட்டிருந்தாள்.

முற்றம். வாயில். சந்து. மூச்சு கிழிந்தது.

முனையில் டெரிக் பலகையைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்.

“மேபல்... மேபலப் பாத்தீங்களா?”

“ரெண்டையும் ஒண்ணாப் பாத்தேன், முதல் தடவையா!” கிழவர் முகமெல்லாம் மகிழ்ச்சி. “அண்ணன் கையைக் கெட்டியாப் பிடிச்சிருந்தான். எங்கடா தொரைன்னேன். வீட்டுக்குன்னான்.”

பெட்ரா மில் ரோவின் பக்கம் திரும்பினாள்.

“அந்தப் பக்கம் இல்லம்மா.” அவர் பலகையால் எதிர்த்திசையைக் காட்டினார், ஆற்றை நோக்கி இறங்கும் ஒற்றையடிப் பாதையை. “நானும் கேட்டேன், உங்க வீடு அந்தப் பக்கம்தானேன்னு. அது அவங்க வீடு, நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னான்.”

பாதை வழுக்கியது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. சேற்றில் தடம். சின்னக் காலணி, துள்ளித் துள்ளி. பக்கத்திலேயே பெரியது, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரம்பி.

“மேபல்!”

ஆற்றங்கரைக் காக்கை ஒன்று எழுந்து பறந்தது.

“மேபல்! எட்வின்! எட்வின், கண்ணா, அம்மா வந்திருக்கேன்! திரும்பிப் பாக்கறேன்டா, பாரு, பாக்கறேன்!”

மரங்கள் முடிந்தன. புல்வெளி. ஒரு காலத்தில் அங்கே வீடுகள் இருந்திருக்க வேண்டும். சுவர் இல்லை. கூரை இல்லை. தண்ணீரோரம் புல்லுக்கு நடுவே ஒரே ஒரு வாசற்படிக் கல் மட்டும், நடுவில் தேய்ந்து குழிந்து. அதற்குப் பின்னால் வெறும் காற்று. அதற்கும் பின்னால், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும் கறுத்த ஆறு.

தடங்கள் படிவரை போயின. அப்பால் புல் மிதிபடாமல் நிமிர்ந்து நின்றது.

கல்லின்மேல் இரண்டு ஜோடிக் காலணிகள். வீட்டுக்குள் போகிறவர்கள் கழற்றி வைப்பதுபோல, அடுத்தடுத்து, நுனி உள்நோக்கி. பெரியவை கறுப்பு, நீரில் ஊறி உப்பியவை. சின்னவை மேபலுடையவை.

அவள் மண்டியிட்டு ஒன்றினுள் விரலை விட்டாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் முகத்துக்கு எதிரே, ஒன்றுமே இல்லாத இடத்தில், உள்ளிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.